ஊருக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு: கல்லா மாறிவிட்டது

கொரோனாவுக்குப் பிறகு முதல்முறையாகத் தமிழ்நாட்டுக்குப் போகிறவர்கள் தடுமாறுவது கல்லா முன்னால்தான். பூக்கூடையில், இளநீர் வண்டியில், எங்கும் கியூஆர் அட்டை. பணம் ஏறியதும் பக்கத்தில் இருக்கும் குட்டி ஸ்பீக்கர் தொகையைச் சத்தமாகச் சொல்லும். அது வாய் திறக்கும்வரை கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

வங்கிக் கணக்கிலிருந்து போன் வழியே நேரடியாகப் பணம் அனுப்பும் இந்த யுபிஐ முறை 2016லேயே வந்துவிட்டது. ஊரடங்கில் இருந்த 2020 ஏப்ரலில் சுமார் 100 கோடிப் பரிவர்த்தனை. அக்டோபரிலேயே 200 கோடியைத் தாண்டியது. நோட்டைத் தொடப் பயந்த காலம் அது. பயம் போன பிறகும் பழக்கம் போகாததற்கு, 2020 ஜனவரி முதல் கடைக்காரரிடம் கமிஷன் பிடிப்பதில்லை என்பதே முக்கியக் காரணம் என்பேன்.

வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கு இருந்தால் சிங்கப்பூர், அமெரிக்கா, பிரிட்டன், அமீரகம் போன்ற சில நாட்டுப் போன் எண்களிலேயே யுபிஐ தொடங்கலாம். எல்லா வங்கியும் தருவதில்லை, கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள். வங்கியில் பதிந்த எண்ணின் சிம் போனில் இருக்க வேண்டும்; பதியும்போது அதிலிருந்து செயலி தானாக ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். பலருக்கும் சிக்குவது இங்கேதான். ரோமிங்கில் எஸ்எம்எஸ் போகாது, சிம்மில் காசு இருக்காது, இரட்டைச் சிம் போனில் வேறு சிம்மைத் தொட்டிருப்பார்கள். அதைத் தாண்டினால் டெபிட் கார்டின் கடைசி 6 எண்ணும் காலாவதி மாதமும் கொடுத்து, பணம் அனுப்பத் தேவையான ரகசிய எண்ணை (பின்) வைத்துவிடலாம். ஆனால் முதல் 24 மணி நேரம் 5,000 ரூபாய்க்கு மேல் போகாது. பட்டுப்புடவை எடுக்கப் போகிற அன்று காலையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

பழைய இந்திய பிரீபெய்டு சிம் 90 நாள் ஓடாமல், இருப்பும் இல்லாமல் கிடந்தால் எண் கைவிட்டுப் போய்விடும். அப்புறம் வங்கியின் ஓடிபி உங்களுக்கு வராது.

கணக்கில் பணம் கழிந்தும் ஸ்பீக்கர் பேசவில்லையா? அவசரப்பட்டு மறுபடி அனுப்பாதீர்கள். செயலியில் உள்ள 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் காட்டி, கடைக்காரரின் போனில் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே ஏறாத பணம் சில நாளில் தானாகத் திரும்பிவிடும்.

மளிகைச் சிட்டையும் இப்போது வாட்ஸ்அப்பில்தான் போகிறது. "து.பருப்பு 1" என்று மட்டும் எழுதினால் கிலோவா பாக்கெட்டா என்று கேட்டுப் போன் வரும், அளவையும் பிராண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

பீரோவில் பழைய 2,000 ரூபாய் நோட்டு இருந்தால் கடைக்கு எடுத்துப்போக வேண்டாம். 2023 மே மாதம் ரிசர்வ் வங்கி அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. இப்போது அந்த வங்கியின் அலுவலகத்தில்தான் மாற்ற முடியும். பத்து, இருபது ரூபாய் நோட்டுகள் மட்டும் கொஞ்சம் பையில் இருக்கட்டும். சிக்னல் கிடைக்காத இடத்தில் அவைதான் கைகொடுக்கும், ஐந்நூறை நீட்டினால் கல்லாவில் சில்லறை இருக்காது.