சுங்கை சிப்புட்டில் பழைய மோட்டாரைப் பார்க்கத் தெரிந்த ஒரு கடை

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்கு அனுப்புகிற சாமான்) வைத்த பழைய இ.எக்ஸ்.5, கிரிஸ், ஆர்.எக்ஸ்.இசட் மோட்டார் சைக்கிள்களை இன்னும் விடாமல் ஓட்டிக்கொண்டிருக்கிற சுங்கை சிப்புட் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். டவுனில் மோட்டார் கடைக்குப் பஞ்சமில்லை. ஆனால் சாமானை மாற்றுவதற்கு முன்னால் கோளாறு எங்கே என்று தேடிப் பார்க்கிற கடை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். பெரிய சாலையை விட்டு ரயில் நிலையப் பக்கம் திரும்பினால் ஒரு ஒட்டுக்கடை வரும், அதை ஒட்டித் தகரக் கூரை, வாசலில் பழைய டயர் அடுக்கு. பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துவிட்டது. யாரைக் கேட்டாலும் தகரக் கடை என்றே வழி சொல்வார்கள்.

என் வண்டி கார்புரேட்டர் இ.எக்ஸ்.5. தோட்டத்திலிருந்து கிளம்பும்போது நன்றாகத்தான் வரும், செம்பனைக் காட்டைத் தாண்டி டவுனை நெருங்குகிற நேரத்தில் இழுவை குறைந்து, திணறித் திணறி நின்றுவிடும். ஓரமாகத் தள்ளி நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்து உதைத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். இதற்கு முன்னால் காட்டிய வேறொரு கடையில் பொறி அடிக்கிற பிளக்கை மாற்றினார்கள், அப்புறம் அதற்குக் கரன்ட் கொடுக்கிற காயிலை மாற்றினார்கள், அதிலும் சரியாகாமல் கார்புரேட்டரையே புதிதாகப் போடச் சொன்னார்கள். காசு போனதுதான் மிச்சம்.

இந்தக் கடை அண்ணன் வண்டியைத் தொடுவதற்கு முன்னால் கேள்வியாகக் கேட்டார். "பட்டுன்னு நிக்குதா, இழுத்து இழுத்து நிக்குதா தம்பி? மழையில மட்டுமா, வெயில்லயும் நிக்குதா? டேங்க் நிறைய இருக்கும்போதும் இப்படித்தானா?" சுவிட்சை அணைத்த மாதிரி பட்டென்று நின்றால் பெரும்பாலும் கரன்ட் பக்கம், திணறிக்கொண்டே நின்றால் பெரும்பாலும் பெட்ரோல் பக்கம் என்று சொல்லிவிட்டு, பிளக் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, என்னைப் பின்னால் உட்காரவைத்து அவரே ஓட்டிப் பார்த்தார். கோளாறு வரும்வரை ஓட்டாமல் கடையில் வைத்துக் கழற்றுவதில் பயனில்லை என்பது அவர் வாதம். அதுதான் சரி.

வண்டி நின்றது. உடனே சீட்டைத் தூக்கினார் (இ.எக்ஸ்.5க்கு பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில்தான்), மூடியை மெதுவாகத் திருகினார். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுக்கிற சத்தம் எனக்கே கேட்டது. ஒரே உதை, வண்டி பிடித்துக்கொண்டது. அப்படியும் அவர் விடவில்லை. வண்டியை அணைத்து, பிளக்கைக் கழற்றி இஞ்சின்மேல் வைத்து உதைக்கச் சொன்னார், பொறி நீலமாக, பலமாக அடித்தது. சூடான பிறகு காயில் சோர்ந்துபோனாலும் வண்டி இதே மாதிரி நின்று ஆறியதும் கிளம்பும் என்பதால் அதையும் பார்த்துவிட வேண்டுமாம்.

விஷயம் இவ்வளவுதான். டேங்க் மூடியில் காற்றுப் போக ஒரு சிறிய துளை இருக்கிறது. பெட்ரோல் கீழே இறங்க இறங்க அந்த வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். தோட்டத்துச் செம்மண் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காமல் நின்றுவிடும். கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் காற்று எப்படியோ கசிந்து உள்ளே போகும், வண்டி மறுபடி கிளம்பும். பக்கத்து ஒட்டுக்கடையைக் காட்டி, "பால் டின்னுல ஒரே ஓட்டை போட்டா பால் ஊத்துமா?" என்றார் அண்ணன். மூடியைக் கழற்றி, மெல்லிய கம்பி விட்டு, பெட்ரோலில் அலசி, காற்று அடித்துக் கொடுத்தார். கூலி 5 வெள்ளி (ரிங்கிட்). ஒரு சாமான்கூட மாற்றவில்லை. இதே தொந்தரவு உள்ளவர்கள் வண்டி நிற்கிற இடத்திலேயே மூடியைத் திறந்து பார்க்கலாம், அதற்குக் கடைக்கே போக வேண்டியதில்லை.

கழற்றிய பிளக்கையும் சும்மா மாட்டிவிடவில்லை, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முனை இளம் பழுப்பாக இருந்தால் எரிதல் சரி. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், முதலில் ஏர் ஃபில்டரைப் பார். வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் குறைவு, ஈரமாக எண்ணெய் பூசியிருந்தால் உள்ளே எண்ணெய் ஏறுகிறது.

அடுத்தது கிளட்ச். நின்ற இடத்தில் முதல் கியர் போட்டால் என் வண்டி முன்னால் எகிறும். இ.எக்ஸ்.5க்குக் கிளட்ச் கைப்பிடி கிடையாதே, அதனால் இதற்கெல்லாம் வழி இல்லை, இஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இஞ்சினின் வலது மூடியில் நட்டு போட்ட திருகு ஒன்று இருக்கிறது. நட்டைத் தளர்த்தி, திருகை வலப்பக்கம் ஒரு சுற்று சுற்றி, பிறகு இடப்பக்கம் லேசாகத் தடுக்கிற வரை கொண்டுவந்து, அங்கிருந்து வலப்பக்கம் எட்டில் ஒரு பங்கு மட்டும் திருப்பி நிறுத்தினார், திருகு அசையாமல் ஸ்குரூடிரைவரால் பிடித்துக்கொண்டே நட்டை முறுக்கினார். ஒரு நிமிட வேலை, கியர் இப்போது அமைதியாக விழுகிறது. இதற்கு அவர் காசே வாங்கவில்லை.

நான் அங்கே நின்ற நேரத்தில் ஒரு அக்கா கிரிஸ் கொண்டுவந்தார், மாதத்துக்கு ஒரு விளக்கு பல்பு போகிறதாம். 1992 முதல் பகலிலும் மோட்டாருக்கு முன்விளக்கு எரிய வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம், அதனால் பல்பு போனால் சம்மன் பயம் வேறு. பல்பை மாற்றி அனுப்பியிருந்தால் அண்ணனுக்கு 2 நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். அவரோ வோல்ட் மீட்டரை பேட்டரியில் வைத்து, இஞ்சினை முறுக்கச் சொன்னார். 15 வோல்ட்டைத் தாண்டி ஏறியது, வோல்ட்டை ஏறவிடாமல் அளவாக வைக்கிற ரெகுலேட்டர் போய்விட்டது. அதை மாற்றாமல் எத்தனை பல்பு போட்டாலும் எரிந்துகொண்டேதான் இருக்கும்.

புகை விஷயத்திலும் அவசரப்பட மாட்டார். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப் புகை வந்து அடங்கினால் வால்வ் வழியாக எண்ணெய் இறங்காமல் தடுக்கிற வால்வ் சீல்தான் போயிருக்கும், இஞ்சினை இறக்க வேண்டாம் என்பார். ஓடும்போதும், முறுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கும், அது பெரிய செலவு. ஆர்.எக்ஸ்.இசட் டூ ஸ்ட்ரோக், எண்ணெயும் பெட்ரோலோடு சேர்ந்து எரியும் என்பதால் அதற்குக் கொஞ்சம் புகை இயல்பு.

சாமான் மேசையைப் பார்ப்பது அவர் மனைவி. எது கேட்டாலும் ஒரிஜினல் ஒன்று, காப்பி ஒன்று, இரண்டையும் மேசைமேல் வைத்து விலை சொல்வார், எடுப்பது நம் இஷ்டம். மாற்றிய பழைய சாமானைக் கேட்காமலேயே பையில் போட்டுத் தருவார். இந்த ஒரு பழக்கத்துக்காகவே இந்தக் கடையை நம்பலாம்.

குறைகளும் இருக்கின்றன. வேலை மெதுவாகத்தான் நடக்கும், கோளாறு தெரியாமல் கையை வைக்க மாட்டார் என்பதால் அவசரக்காரர்களுக்குச் சரிப்படாது. உட்கார நல்ல இடம் இல்லை. கையிருப்பில் இல்லாத சாமான் ஈப்போவிலிருந்து வர வேண்டும், நாளைக்கு என்று சொன்னால் நாளைக்கு வரும் என்று எண்ண வேண்டாம். பில் கேட்டால்தான் எழுதுவார்கள். கார்புரேட்டருக்குப் பதில் ஃபியூவல் இன்ஜெக்ஷன் வைத்த புது வண்டியின் கோளாறு பார்க்கக் கருவி இல்லை என்று நேராகச் சொல்லி அனுப்பிவிடுவார், எண்ணெய் மாற்றுவது, பிரேக், செயின் வேலை மட்டும் செய்வார்.

போகிறவர்கள் சனிக்கிழமை காலையைத் தவிர்த்து விடுங்கள், தோட்டத்து வண்டிகள் மொத்தமும் அன்றைக்குத்தான் வரும். ஞாயிறு மத்தியானத்தோடு கடை மூடிவிடும். முடிந்தால் கோளாறு எப்போது வருகிறது, எவ்வளவு தூரம் போனதும் வருகிறது என்று கவனித்து வைத்துக்கொண்டு போங்கள், அவர் முதலில் கேட்பது அதைத்தான்.