கோட்டையூரிலிருந்து சென்னை லினக்ஸ்: விண்டோஸ் திரையில் யூனிக்ஸ் சன்னல்களை 2016 முதல் ஓட்டிய அனுபவம்

காரைக்குடிப் பக்கத்துக் கோட்டையூரில் எங்கள் பூர்வீக வீட்டின் இரண்டாம் கட்டில் ஒரு விண்டோஸ் கணினியை வைத்துக்கொண்டு, சென்னையில் ஒரு வாடிக்கையாளரின் அலுவலகத்தில் இருக்கும் லினக்ஸ் சர்வரில் 2016 முதல் வேலை செய்து வருகிறேன். செயற்கைக்கோள் படத்தின் மேல் கண்மாய், ஊரணி ஆகியவற்றின் கரைகளை வரைந்து, பரப்பளவைக் கணக்கிட்டு, வரைபடமாக்கிக் கொடுப்பது என் தொழில். தரவு அந்தச் சர்வரை விட்டு வெளியே வரக் கூடாது என்பது ஒப்பந்தம். வீட்டுக் கணக்கு டேலியில் இருப்பதாலும் அறிக்கைகளை வேர்டில் கேட்கிறார்கள் என்பதாலும் என்னால் விண்டோஸை விட்டு நகர முடியவில்லை. ஆகவே அங்கே ஓடும் கியூஜிஐஎஸ் (நிலவரைபட நிரல்), நூப்ளாட் (எண்களை வரைபடமாக்கும் நிரல்), ஈமேக்ஸ் (உரை எழுதும் நிரல்) ஆகியவற்றின் சன்னல்களை இங்கே, வேர்டுக்குப் பக்கத்திலேயே திறந்து வைத்துக்கொள்வதற்கான வழிகளை ஒவ்வொன்றாகப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன்.

இந்த வழிகளுக்கெல்லாம் அடிப்படை, ஓரிடத்தில் ஓடும் நிரலின் சன்னலை வேறிடத்துத் திரையில் காட்டும் எக்ஸ் சன்னல் முறை. அது 1984-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் தொடங்கியது. இன்று நாம் பயன்படுத்தும் பதினொன்றாம் பதிப்பு (எக்ஸ்11) 1987-இல் வந்தது. இதில் முதலில் எல்லோரையும் குழப்புவது பெயர்தான். திரையும் விசைப்பலகையும் சுட்டியும் யாரிடம் இருக்கின்றனவோ அவரிடம் ஓடுவதுதான் எக்ஸ் சர்வர். சென்னையில் ஓடும் நிரல் அதனிடம் ‘இங்கே ஒரு கோடு போடு’ என்று கேட்கும் கிளையன்ட். சர்வர் சென்னையில் இருக்கிறது என்றே பேசிப் பழகியவனுக்கு, என் மேசையில் இருப்பதும் ஒரு சர்வர்தான் என்பது பிடிபடச் சில வாரங்கள் ஆயின. இது பிடிபட்டவுடன் பிழைச் செய்திகளில் பாதி தாமாகவே புரியத் தொடங்கின.

நான் முதலில் நிறுவியது எக்ஸ்மிங் என்ற எக்ஸ் சர்வரும், எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாகத் தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் புட்டியும். எக்ஸ்மிங்கின் இலவசப் பதிப்பு 2007-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. புதிய பதிப்புகள் நன்கொடை கொடுத்தவர்களுக்கு மட்டுமே. இருந்தும் அந்தப் பழைய பதிப்பிலேயே மூன்று ஆண்டுகள் ஓட்டினேன். புட்டியில் எஸ்எஸ்ஹெச் பகுதிக்குக் கீழே எக்ஸ்11 என்ற பக்கத்தில் ஒரு கட்டத்தை டிக் செய்தால் போதும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை. உள்நுழைந்த பிறகு, சன்னலை எந்தத் திரையில் காட்டுவது என்று நிரலுக்குச் சொல்லும் டிஸ்ப்ளே என்ற மாறி காலியாகவே இருந்தது. காரணம், சென்னைச் சர்வரில் எக்ஸ்ஆத் என்ற சிறு நிரல் நிறுவப்படவில்லை. ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு ரகசியக் குறியீட்டை எழுதி வைப்பது அதன் வேலை. அது இல்லாவிட்டால் எஸ்எஸ்ஹெச் எக்ஸ் வழியைத் திறக்கவே திறக்காது. பின்னாளில் என் ஒதுக்கீட்டு இடம் நிரம்பி அந்தக் குறியீட்டுக் கோப்பை எழுத முடியாமல் போனபோதும், சூ கட்டளையில் வேறு பயனராக மாறி, குறியீட்டை உடன் எடுத்துச் செல்லாதபோதும் இதே போன்ற தொல்லை வந்தது. சன்னல் திறக்கவில்லையா, முதலில் எக்ஸ்ஆத்தைப் பாருங்கள். நெட்வொர்க்கைப் பழிப்பது அதன் பிறகு.

2019-இல் விசிஎக்ஸ்சர்வ் என்ற வேறோர் எக்ஸ் சர்வருக்கு மாறினேன். பல மாதங்கள் அணைக்காமல் ஓடியும் அது எனக்குத் தொல்லை கொடுத்ததில்லை. ஆனால் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். தொடக்கத்தில் வரும் அமைப்புச் சன்னலில் அணுகல் கட்டுப்பாட்டை நீக்குவதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதை டிக் செய்யச் சொல்லும் அறிவுரை இணையமெங்கும் கிடக்கிறது. எஸ்எஸ்ஹெச் வழியாக வருகிறவருக்கு அது தேவையே இல்லை, ஏனெனில் இணைப்பு உங்கள் கணினிக்குள்ளிருந்தே வருவதாகத்தான் எக்ஸ் சர்வருக்குத் தெரியும். அதை டிக் செய்து, ஃபயர்வாலிலும் அனுமதி கொடுத்துவிட்டால், அதே நெட்வொர்க்கில் இருக்கும் எவரும் 6000-ஆம் போர்ட் வழியாக வந்து நீங்கள் எக்ஸ் சன்னல்களில் தட்டும் எழுத்துகளைப் படித்துவிடலாம். ஃபயர்வால் கேட்டபோது நான் ரத்து என்றே அழுத்தினேன், எதுவும் கெடவில்லை. இரண்டாவது, எக்ஸ் உலகில் எழுத்துகளைச் சுட்டியால் தேர்ந்தெடுத்தாலே அவை நகலாகிவிடும் வழக்கம். எக்செலில் ஒரு நெடுவரிசையை நகலெடுத்துவிட்டு, எக்ஸ்டெர்ம் என்ற கட்டளைச் சன்னலில் யோசனையில்லாமல் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் திரும்பி வந்து ஒட்டினால், நெடுவரிசைக்குப் பதில் அந்தச் சொல்தான் விழும். பிரைமரி எனப்படும் இந்தச் சுட்டித் தேர்வை விண்டோஸ் நகலோடு இணைக்கும் கட்டத்தின் டிக்கை எடுத்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது.

இனி வேகம். எங்கள் வீட்டில் ஃபைபர் இணைப்பு முகப்பில் வந்து நிற்கிறது; என் மேசை நடு முற்றமான வளவைத் தாண்டி உள்ளே. இடையிலுள்ள சுவர்களின் கனத்தைச் செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வைஃபையில் படம் பார்ப்பதற்குக் குறையில்லை. ஆனால் கியூஜிஐஎஸ்ஸில் ஒரு மெனுவைத் திறந்தால் அது தயங்கித் தயங்கி இறங்கியது. இணைய வேகத்தைக் கூட்டிப் பார்த்தேன், மாற்றமில்லை. பிங் எடுத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது: சென்னைக்குப் போய் வர 40 மில்லி விநாடி எடுக்க வேண்டியது, வைஃபையில் நினைத்தபோதெல்லாம் 200-ஐத் தாண்டிக்கொண்டிருந்தது. எக்ஸ் நிரல்கள் பலவும் கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருக்கும் பழக்கமுடையவை. தொடங்கும்போது முந்நூறு கேள்வி கேட்கும் நிரலுக்கு, 40 மில்லி விநாடியில் 12 விநாடி ஆகும். 200-இல் ஒரு நிமிடம். இதில் அகலப்பாட்டைக்கு, அதாவது இணைய வேகத்துக்கு, வேலையே இல்லை. முப்பது மீட்டர் ஈதர்நெட் கேபிள் வாங்கி, தேக்குத் தூணில் ஆணி அடிக்கக் கூடாது என்று அப்பத்தா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், வளவின் தாழ்வாரச் சட்டத்தோடு சணல் கயிற்றால் கட்டி உள்ளே கொண்டுவந்தேன். எந்த மென்பொருளை மாற்றியும் கிடைக்காத முன்னேற்றம் அந்தக் கேபிளில் கிடைத்தது.

அகலப்பாட்டை தேவைப்படும் இடமும் உண்டு. பழைய எக்ஸ் நிரல்கள் கோடு, வட்டம், எழுத்து என்று கட்டளைகளாக அனுப்பும். இங்கிருக்கும் சர்வர் அவற்றை வரைந்துகொள்ளும். புதிய நிரல்களோ முழுச் சன்னலையும் தம் நினைவகத்திலேயே வரைந்து, படமாகவே அனுப்புகின்றன. தரைக்கான பூக்கல் வார்க்கும் ஆத்தங்குடியில் கண்ணாடியும் மணலும் சாயமும் தயாராக இருக்கும்போது, எந்தப் பூ வேண்டும் என்று ஓர் அஞ்சலட்டை எழுதினால் போதும். சென்னையிலேயே கல்லை வார்த்து லாரியில் ஏற்றி அனுப்பினால் எப்படியிருக்கும், அதுதான் இது. 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட முழுத்திரை, புள்ளிக்கு நான்கு பைட் வீதம், ஏறத்தாழ 8.3 மெகாபைட் ஆகும். 100 மெகாபிட் இணைப்பில் விநாடிக்கு ஒன்றரைத் திரைதான் வந்து சேரும். எஸ்எஸ்ஹெச்சின் சுருக்கும் வசதியைப் போட்டால் ஒரே நிறம் பரவிய வரைபடம் நன்றாகச் சுருங்குகிறது; செயற்கைக்கோள் படம் சுருங்க மறுக்கிறது.

இந்த வேறுபாட்டை நேரில் காண விரும்புகிறவர்கள் நூப்ளாட்டில் ஒரே வரைபடத்தை இரண்டு விதமாக வரைந்து பார்க்கலாம். இயல்பாக வரும், படமாகவே அனுப்பும் க்யூடி வெளியீட்டில் என் மழையளவு வரைபடம் சன்னலை இழுக்கும்போதெல்லாம் துண்டு துண்டாகத் தெரிந்தது. டெர்மினலை எக்ஸ்11 என்று மாற்றி ஒரு வரி கொடுத்ததும், கோடுகள் இங்கேயே வரைந்ததைப் போல உடனே வந்து நின்றன. அழகு கொஞ்சம் குறைவு, எழுத்துகளின் ஓரம் சொரசொரப்பாக இருக்கும்; நாளெல்லாம் பார்க்கிறவனுக்கு அது பொருட்டில்லை.

தமிழைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்மாய்ப் பெயர்களெல்லாம் தமிழில் இருந்தன. சன்னலில் அவை வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. விண்டோஸில் தமிழ் எழுத்துரு இருக்கிறதே என்று இரண்டு நாள் தேடி அலைந்தேன். இன்றைய நிரல்கள் எழுத்துருவை நிரல் ஓடும் இடத்திலிருந்தே எடுக்கின்றன. ஆகவே நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் சென்னைச் சர்வரில் நிறுவச் சொன்னதும் பெயர்கள் ஒழுங்காக வந்தன. எக்ஸ்டெர்ம் மட்டும் இன்றுவரை கொம்பையும் காலையும் சரியாகச் சேர்ப்பதில்லை. விண்டோஸின் தமிழ்த் தட்டச்சை எக்ஸ் சன்னலுக்குள் கொண்டுவர நான் எடுத்த முயற்சிகளும் பலிக்கவில்லை. நோட்பேடில் அடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்த முறையின் மிகப் பெரிய குறை, இணைப்பு அறுந்தால் நிரலும் சாகும் என்பது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்பட்ட ஒரு நாளில் கணினிக்கு யூபிஎஸ் இருந்தது. முகப்பிலிருந்த ஃபைபர் பெட்டிக்கு யூபிஎஸ் இல்லை என்பதை நான் யோசிக்கவில்லை. மூன்று மணி நேரம் சேமிக்காமல் வரைந்திருந்த ஒரு கண்மாய்க் கரை, உபரிநீர் வெளியேறும் கலுங்கோடு சேர்ந்து போயிற்று. டிமக்ஸ் என்ற நிரல், இணைப்பு அறுந்தாலும் கட்டளை வரியைக் காப்பாற்றுமே தவிர, சன்னலைக் காப்பாற்றாது. அதன் பிறகே எக்ஸ்ப்ராவுக்கு வந்தேன். அது சென்னையிலேயே கண்ணுக்குத் தெரியாத ஒரு எக்ஸ் சர்வரை ஓட்டி, நிரலை அதற்குள் வைத்துக்கொண்டு, சன்னலின் படத்தைச் சுருக்கி இங்கே அனுப்புகிறது. இணைப்பு போனால் நிரல் அங்கேயே காத்திருக்கும், மறுபடி சேரும்போது விட்ட இடத்திலேயே சன்னல் திறக்கும். வரைபடத்தை நகர்த்தும்போது முதலில் சற்று மங்கலாகவும், கையை எடுத்ததும் தெளிவாகவும் மாறுவது முதல் வாரத்தில் கண்ணை உறுத்தும், பிறகு பழகிவிடும். சர்வரில் பழைய பதிப்பும் இங்கே புதிய பதிப்பும் இருந்தபோது சில விசைகள் வேலை செய்யவில்லை. இரண்டையும் ஒரே பதிப்புக்குக் கொண்டுவந்தபின் சரியாயிற்று.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மோபாஎக்ஸ்டெர்ம், எஸ்எஸ்ஹெச்சையும் எக்ஸ் சர்வரையும் ஒன்றாகத் தருகிறது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைத்தான் சொல்வேன். எக்ஸ்டூகோ முழு டெஸ்க்டாப் வேண்டுகிறவர்களுக்கு ஏற்றது, எனக்குத் தேவைப்படவில்லை. பாராவியூ போன்ற முப்பரிமாண நிரலை எக்ஸ் வழியாக இழுக்கவே வேண்டாம். அதன் சர்வர் பகுதியை அங்கே ஓட்டி, சன்னலை விண்டோஸிலேயே திறக்கும் வசதி அதற்கு உண்டு, இரண்டு பக்கமும் ஒரே பதிப்பாக இருந்தால் போதும்.

விண்டோஸ் 11 வந்தபின், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லோடு, அதன் சன்னல்களைக் காட்டும் டபிள்யூஎஸ்எல்ஜியும் சேர்ந்தே கிடைக்கிறது. அதனுள்ளிருந்து எஸ்எஸ்ஹெச்சை எக்ஸ் அனுமதியோடு ஓட்டினால், தனியாக எக்ஸ் சர்வர் நிறுவாமலே சென்னைச் சன்னல் விண்டோஸ் பணிப்பட்டையில் வந்து நிற்கிறது. எக்ஸ்ஆத் தரவு இல்லை, போலிக் குறியீட்டைப் பயன்படுத்துகிறேன் என்று அது ஒரு வரி எழுதும், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கணினியை உறங்கவிட்டு எழுப்பினால் என் அனுபவத்தில் சில நேரம் சன்னல்கள் வெறுமையாகிவிடுகின்றன. டபிள்யூஎஸ்எல்லையே அணைத்துத் தொடங்க வேண்டியிருக்கிறது. அதனால் ஈமேக்ஸையும் நூப்ளாட்டையும் இன்னமும் விசிஎக்ஸ்சர்விலேயே வைத்திருக்கிறேன், கியூஜிஐஎஸ் எக்ஸ்ப்ராவில் ஓடுகிறது, டபிள்யூஎஸ்எல்ஜியை அவசரத்துக்கு எதையாவது திறந்து பார்க்க மட்டும் பயன்படுத்துகிறேன். முகப்பிலிருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் ஒரு சிறிய யூபிஎஸ் வாங்கி வைத்தாயிற்று.