மோட்டார்ஹோம் கூரையில் 200 வாட் சோலார்: பல சீசன் ஓடிய பிறகு

எந்த பிராண்ட் பேனல் வாங்குவது என்றுதான் பலரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். பிரிட்டனில் ஓடும் ஃபியட் டுகாட்டோ மோட்டார்ஹோமில் (படுக்கை, சமையல் வசதி உள்ள வேன்) இரண்டு 100 வாட் பேனல்களைப் பல சீசன் பயன்படுத்திப் பார்த்தால், பிராண்ட் கடைசிக் கவலை. பசையும் நிழலும் வயரும்தான் காலை வாருகின்றன.

கூரையைத் துளைக்காமல், ஏபிஎஸ் பிளாஸ்டிக் தாங்கிகளை சிக்காஃப்ளெக்ஸ் 252 போன்ற பாலியூரித்தேன் பசையால் ஒட்டுவதே வழக்கம். சிலிகான் வேண்டவே வேண்டாம். பிடிப்பு போதாது, பிறகு சுரண்டி எடுத்தாலும் அந்த இடத்தில் வேறு பசை சரியாக ஒட்டாது. ஃபைபர் கூரையையும் தாங்கியின் அடிப்பக்கத்தையும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, பசைக்குரிய பிரைமர் பூசுங்கள். அடுத்துதான் பலர் சொதப்புகிறார்கள்: நன்றாக ஒட்டட்டும் என்று தாங்கியை ஓங்கி அழுத்த, பசை முழுக்கப் பக்கவாட்டில் பிதுங்கி மெல்லிய ஏடுதான் மிஞ்சுகிறது. வெயிலில் கூரை விரிந்து சுருங்கும்போது அந்த அசைவை வாங்கிக்கொள்ள 3 மி.மீ. கனம் தேவை. அந்தக் கனத்தில் சின்ன ரப்பர் துண்டுகளை அடியில் வைத்துவிட்டால் போதும். இறுக நாலைந்து நாள் விடுங்கள். குளிரில் இன்னும் கூடுதல்.

வளையும் பேனல் சுமார் 2 கிலோ, கண்ணாடிப் பேனல் 7 கிலோ. வண்டி 3,500 கிலோ எடை வரம்பை முட்டிக்கொண்டு நின்றால் ஒழிய, கண்ணாடியே மேல். கூரையோடு ஒட்டிய வளையும் பேனலுக்குச் சூடு வெளியேற வழியில்லை. பேனலின் சூடு 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் மின்சாரம் குறையும்; ஆயுளும் குறையும். கண்ணாடிப் பேனலுக்கு அடியிலும் 2 செ.மீ. இடைவெளி விடுங்கள்.

கூரை ஜன்னலின் விளிம்பும் டிவி ஆன்டெனாவும் காலையில் நீளமாக நிழல் போடும். பெரும்பாலான 100 வாட் பேனலில், நிழல் பட்ட பகுதியைத் தவிர்த்து மின்சாரத்தைச் சுற்றிவிடும் பைபாஸ் டயோடு இரண்டுதான். ஒரு செல் மறைந்தாலே பாதிப் பேனல் படுத்துவிடும். நிழலுக்கு பேரலல்தான் (ப்ளஸ்ஸோடு ப்ளஸ், மைனஸோடு மைனஸ் சேர்ப்பது) நல்லது என்று கேட்டிருப்பீர்கள். இந்த மாதிரிச் சின்ன நிழலில் சீரிஸில் (பேனல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோப்பது) முக்கால் பங்கு மின்சாரம் கிடைக்கும், பேரலலில் ஏறக்குறைய பாதிதான். சீரிஸில் 44 வோல்ட் வரை போகும் என்பதால் எம்பிபிடி கண்ட்ரோலர் (பேனலின் வோல்ட்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் கருவி) கட்டாயம். விக்ட்ரான் கம்பெனியின் 75/15 மாடல் தாராளம். கரண்ட் ஐந்தாறு ஆம்பியர் மட்டுமே, 4 சதுர மி.மீ. வயரே போதும். கண்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்கு மட்டும் 6 சதுர மி.மீ., பேட்டரிக்குப் பக்கத்திலேயே 20 ஆம்பியர் ஃபியூஸ். முதலில் பேட்டரியை இணையுங்கள், பிறகு பேனலை, கழற்றும்போது தலைகீழாக. வெவ்வேறு கம்பெனியின் எம்சி4 கனெக்டர்களை (பேனல் வயர் முனையில் வரும் இணைப்பு) ஒன்றோடொன்று கோக்காதீர்கள்: பொருந்துவது போல இருக்கும், சூடேறி உருகும்.

தென் இங்கிலாந்தில் ஜூன் மாதம் நாளுக்கு 60 ஆம்பியர்-மணி அளவில் வரும். கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ், விளக்கு, தண்ணீர் பம்ப் எல்லாம் ஓடும். டிசம்பரில் 6 கிடைத்தாலே பெரிது. பேனலைச் சாய்க்கும் ஸ்டாண்ட் அந்த மேகத்தில் காசுக்குத் தேறாது. அதற்குப் பதில் வண்டி ஓடும்போது சார்ஜ் செய்யும் டிசி-டிசி சார்ஜர் வாங்கலாம். லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது என்பதால், பிஎம்எஸ்ஸில் (பேட்டரியைப் பாதுகாக்கும் சர்க்யூட்) குளிர்த் தடுப்பு இருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.