புளியரை ரோட்டு பங்க்: ஃபுல் டேங்க் போடலாம், விளிம்பு வரை வேண்டாம்

கேரளப் பக்கம் ஆரியங்காவு மலைப்பாதை ஏறும் முன் டேங்கை நிரப்ப, செங்கோட்டை தாண்டி வரும் இந்த பங்க் தோதான இடம். கேரளாவில் 2023 ஏப்ரலிலிருந்து லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் (கூடுதல் வரி) வேறு. அந்தப் பக்கத்து வண்டிகளும் இங்கேதான் நிற்கின்றன. பூஜ்யத்தைக் காட்டிவிட்டுத்தான் அடிக்கிறார்கள். அளவு சரியா என்று பார்க்கக் கேட்டால் 5 லிட்டர் அளவுக் கேனையும் முகம் சுளிக்காமல் எடுத்து வைக்கிறார்கள்.

குறை, ‘ஃபுல்’ என்றதும் மூடி விளிம்பு வரை ஊற்றுவது. டேங்க் கொள்ளளவு ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸுக்கு 9.8 லிட்டர், கிளாசிக் 350-க்கு 13. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நாசில் தானாக கட் ஆனதும் நிறுத்தச் சொல்லுங்கள். கழுத்து வரை ஏறினால் வெயிலில் பெட்ரோல் விரிந்து, பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டியில், பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி கேனிஸ்டருக்குள் இறங்கிவிடும். அப்புறம் ஸ்டார்ட்டிங் மக்கர், பெட்ரோல் வாடை. பங்கில் டயருக்குக் காற்றடிக்கும் குழாயின் முனை தேய்ந்து சீறுகிறது, மாற்றினால் தேவலை.