சினாயிலிருந்து ஒரு விதம், காசாவிலிருந்து இன்னொரு விதம்

இஸ்ரேலியத் தலைவர் ஏரியல் ஷரோன், இஸ்ரேல் ஆக்கிரமித்த நிலத்தில் யூதக் குடியேற்றங்களைக் கட்டி எழுப்பியவர் என்று பெயர் வாங்கியவர். அவரேதான் இரண்டு முறை அவற்றை இடித்தும் தள்ளினார். 1982 ஏப்ரலில் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது, எகிப்திடமிருந்து பிடித்த சினாய் பாலைவனத்தில் இருந்த யாமித் என்ற குடியேற்ற நகரத்தைத் தரைமட்டமாக்கினார். 2005 ஆகஸ்டில் பிரதமராக இருந்தபோது, காசாவின் 21 குடியேற்றங்களைக் காலி செய்தார். முதலாவது 1979இல் எகிப்தோடு போட்ட சமாதான உடன்படிக்கையின்படி நடந்தது. இரண்டாவது இஸ்ரேல் தானே எடுத்த முடிவு. ஒருதலையாக வெளியேறுவதா, பேசி முடிப்பதா என்ற வாதத்துக்கு இதைவிட வசதியான ஜோடி கிடைக்காது. ஒரே ஆள், ஒரே ராணுவம், இரண்டு இடத்திலும் கூரைமேல் ஏறி நின்று மல்லுக்கட்டிய குடியேறிகள்.

ஒருதலை வெளியேற்றத்தை இன்று திட்டுவது சுலபம் என்பதால் அதன் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2003 டிசம்பரில் ஷரோன் திட்டத்தை அறிவித்தபோது பாலஸ்தீனர்களின் இரண்டாவது எழுச்சியான இன்டிஃபாதா நடந்துகொண்டிருந்தது. அதற்கு முன் 2000இல் அமெரிக்காவின் கேம்ப் டேவிட்டிலும், 2001இல் எகிப்தின் தாபாவிலும் இரண்டு தரப்பும் பேசிப் பார்த்துத் தோற்றிருந்தார்கள். 13 லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்களுக்கு நடுவே சுமார் 8,000 குடியேறிகளை வைத்துக் காவல் காப்பது ராணுவத்துக்கே சலித்துப்போன வேலை. பேச்சுவார்த்தைக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. இரண்டு பக்கத்துத் தீவிரவாதிகளும் ஆளுக்கொரு தடவை நினைத்தால் போதும், நின்றுவிடும். 1994இல் ஹெப்ரானில் தொழுதுகொண்டிருந்த 29 பேரை ஒரு குடியேறி சுட்டுக் கொன்றான். பாலஸ்தீன ஆயுத இயக்கமான ஹமாஸ் பேருந்துகளில் குண்டு வைத்தது. 1995 நவம்பரில் பிரதமர் ராபினை ஒரு யூத இளைஞனே கொன்றான். இஸ்ரேலும் பாலஸ்தீனர்களும் 1993இல் போட்ட ஆஸ்லோ ஒப்பந்தம் இப்படித்தான் குற்றுயிரானது. தனியாக முடிவெடுத்தால் இவர்களில் யாருக்கும் தடுக்க வழியில்லை. 2005 ஆகஸ்ட் 17 அன்று கட்டாய வெளியேற்றம் தொடங்கி, 22ஆம் தேதி கடைசியாக நெட்சரீம் காலியானது. அந்த ஆறு நாளில் பேச்சுவார்த்தைக்காரர்கள் நிகழ்ச்சி நிரலைக்கூட முடித்திருக்க மாட்டார்கள்.

சரி, வெளியேறியாயிற்று. அப்புறம்?

காசா குடியேற்றங்களின் பசுமைக்குடில்களின் கதையைப் பார்த்தால் போதும். குடியேறிகள் அவற்றில் ஏற்றுமதிக்காகக் காய்கறி பயிரிட்டு வந்தார்கள். உலக வங்கியின் முன்னாள் தலைவர் ஜேம்ஸ் வோல்ஃபென்சன் சொந்தப் பணம் 5 லட்சம் டாலர் போட்டு, நன்கொடையாளர்களையும் சேர்த்து, சுமார் 1.4 கோடி டாலருக்கு அவற்றைப் பாலஸ்தீனர்களுக்காக வாங்கிக் கொடுத்தார். குடியேறிகளே சிலவற்றைப் பிய்த்துப் போட்டிருந்தார்கள். ராணுவம் நகர்ந்த கையோடு காசாவாசிகள் சிலர் புகுந்து குழாயும் மோட்டாருமாக அள்ளிக்கொண்டு போனார்கள். இந்தச் சூறையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். அதன்பிறகு நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பழுது பார்த்து, நட்டு, அந்தப் பருவத்திலேயே தக்காளியும் மிளகாயும் ஸ்ட்ராபெரியும் விளைந்தன. ஆனால் சரக்கு வெளியே போக இருந்த வழி கார்னி என்ற ஒற்றை வாசல். பாதுகாப்பு மிரட்டல் என்று சொல்லி இஸ்ரேல் அதை 2006இன் தொடக்கத்தில் பெரும்பாலும் மூடியே வைத்தது. பழம் அழுகியது. ஆண்டு முடிவுக்குள் தினமும் 150 லாரி போகும் என்று ஓர் ஒப்பந்தம் இருந்தது உண்மைதான். அது போடப்பட்டது 2005 நவம்பரில், ராணுவம் கிளம்பி இரண்டு மாதம் கழித்து. கிளம்புவதற்கு முன்பே பேசியிருக்க வேண்டிய விஷயம் அது. வானம், கடல், சுங்கம், மக்கள் பதிவேடு எல்லாம் இஸ்ரேலின் கையிலேயே இருந்ததால், ஆக்கிரமிப்பு முடிந்தது என்று காசாக்காரர்கள் நம்பவும் இல்லை.

இதைவிடப் பெரிய சேதம், பெருமை யாருக்குப் போனது என்பதில். 2005 ஜனவரியில் மஹ்மூத் அப்பாஸ் பாலஸ்தீன அதிபர் தேர்தலில் வென்றிருந்தார். அடுத்த மாதமே எகிப்தின் ஷர்ம் அல் ஷேக்கில் ஷரோனோடு போர்நிறுத்தம் அறிவித்தார். திட்டம் தீட்டியபோது அப்பாஸுக்கு முந்தைய தலைவர் அரஃபாத் இருந்தார், பேச ஆளில்லை என்ற வாதத்துக்கு அப்போது கொஞ்சம் இடம் இருந்தது. நிறைவேற்றும்போது ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். காசாவை அவர் கையில் முறையாக ஒப்படைத்திருந்தால், பேசியதால் கிடைத்தது என்று அவர் தெருவில் சொல்லிக்கொண்டிருக்கலாம். எங்கள் துப்பாக்கிதான் விரட்டியது என்று ஹமாஸ் சொன்னது, ஜனங்களும் நம்பினார்கள். 2006 ஜனவரி பாலஸ்தீன நாடாளுமன்றத் தேர்தலில் 132 இடங்களில் 74 ஹமாஸுக்குப் போயின. அப்பாஸின் கட்சியான ஃபத்தாவின் ஊழலும் உட்கட்சிச் சண்டையும் அதற்குக் காரணம்தான், ஆனாலும் அப்பாஸுக்குக் காட்ட எதுவும் இல்லாமல் போனதும் காரணம். அடுத்த ஆண்டு ஜூனில் காசா முழுக்க ஹமாஸ் வசம். இது கவனக்குறைவு என்று சொல்லவும் முடியவில்லை. பாலஸ்தீனர்களோடு அரசியல் பேச்சே நடக்காமலிருக்கத் தேவையான ஃபார்மலின்தான் (பிணத்தைப் பதப்படுத்தும் திரவம்) இந்தத் திட்டம் என்று ஷரோனின் ஆலோசகர் டோவ் வைஸ்கிளாஸ் 2004இலேயே பேட்டி கொடுத்துவிட்டார்.

எகிப்து கதையில் முதலில் முடிவு எழுதப்பட்டது: சினாய் முழுவதும் திரும்ப வரும், மூன்று ஆண்டுகளில் வரும். எந்தப் பகுதியில் எத்தனை படைவீரர், எல்லையை ஒட்டி வெறும் காவல்துறை மட்டும், நடுவே கண்காணிக்கப் பன்னாட்டுப் படை என்று வரி வரியாகப் பேசினார்கள். தாபா என்ற குட்டிக் கடற்கரையில் ஒட்டிக்கொண்ட தகராறைக்கூடச் சண்டையாக்காமல் நடுவர் மன்றத்துக்கு அனுப்பினார்கள். நடுவர்கள் பழைய எல்லைத் தூண்கள் நின்ற இடத்தை ஆராய்ந்து தீர்ப்புச் சொல்ல, 1989இல் ஹோட்டலோடு சேர்த்து எகிப்துக்குக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்ட எகிப்து அதிபர் சதாத் 1981 அக்டோபரில் கொல்லப்பட்டும் வெளியேற்றம் தேதி தவறாமல் முடிந்தது. 2012இல் முஸ்லிம் சகோதரத்துவத்தின் முர்ஸி அதிபரானபோதும் உடன்படிக்கை நின்றது. சாதாரண எகிப்தியருக்கு இஸ்ரேலைப் பிடிக்காது என்பதில் எந்த மாற்றமும் இல்லை.

ஒப்பீடு நியாயமா என்று கேட்கலாம். முழுக்க நியாயமில்லை. சினாய் பெரும்பாலும் ஆள் இல்லாத பாலைவனம், எதிரில் இருந்தது ஒரு நாடு, ஒரு ராணுவம். காசாவைப் போலவே இஸ்ரேல் பிடித்த இன்னொரு பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரை விஷயத்தில் ஜெருசலேம் இருக்கிறது, வேத நூல் இருக்கிறது, அகதிகள் இருக்கிறார்கள். பேசினாலே போதும் என்பதும் பொய். ஆஸ்லோவும் பேச்சுதான். எல்லை, ஜெருசலேம், அகதிகள், குடியேற்றம் எல்லாவற்றையும் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார்கள். அந்த இடைவெளியில் மேற்குக் கரைக் குடியேறிகளின் எண்ணிக்கை 1993க்கும் 2000க்கும் நடுவே இரட்டிப்பை நெருங்கியது. முடிவைச் சொல்லாத பேச்சுவார்த்தையைவிடக் காசா வெளியேற்றம் மோசம் என்று என்னால் சொல்ல முடியாது.

2023 அக்டோபர் 7இல் காசாவிலிருந்து ஹமாஸ் தாக்கியதற்குப் பிறகு இஸ்ரேலில் பலர் எடுத்துக்கொண்ட பாடம், இனி எங்கிருந்தும் வெளியேறக் கூடாது என்பது. கிட்டத்தட்ட 1,200 பேரைப் பறிகொடுத்த நாட்டில் அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் 2005இல் சோதித்துப் பார்த்தது வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் போட்டுவிட்டுப் போவதை. ஷரோனுக்குப் பின் பிரதமரான எஹுட் ஓல்மர்ட்டுக்கு இது முன்பே புரிந்தது. மேற்குக் கரையின் பெரும்பகுதியிலிருந்து ஒருதலையாக வெளியேறுவேன் என்று 2006 தேர்தலில் வென்றவர், லெபனான் போருக்குப் பின் அதைக் கைவிட்டு, 2008இல் அப்பாஸ் முன்னால் வரைபடத்தை விரித்தார். அதற்குள் ஊழல் விசாரணையில் அவர் நாற்காலியே ஆடிக்கொண்டிருந்தது.

காசாவோடு சேர்த்து மேற்குக் கரையின் வடக்கிலும் நான்கு குடியேற்றங்களை ஷரோன் காலி செய்திருந்தார். அங்கே மறுபடி குடியேறக் கூடாது என்ற தடையை 2023 மார்ச்சில் இஸ்ரேலிய நாடாளுமன்றம் நீக்கியது. நான்கில் ஒன்றான ஹோமெஷில் சில மாதங்களில் மதப்பள்ளிக் கட்டடம் எழுந்தது. தடையை நீக்க யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை, போட்டதும் அவர்களேதானே.