வினாத்தாள் கட்டா, கதைப்புத்தகமா?

தரம் 4, 5 பிள்ளைகளின் கிரகித்தலை (வாசித்து விளங்கும் திறனை) வளர்க்க, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பெற்றோர் முதலில் தேடுவது தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் கடந்தகால வினாத்தாள்களைத்தான். அதில் நேரக்கணக்கும் வினாவின் போக்கும் பழகும், சரி. ஆனால் அதில் வாசிக்கத் தரும் பந்தி சிறியது. விடை அகப்பட்டதும் பிள்ளை அதை மறந்துவிடும்.

கதைப்புத்தகம் மெதுவானது. சத்தமாக வாசிக்கவிட்டு நடுவில் நிறுத்தி, "இனி என்ன நடக்கும்? ஏன் அப்பிடி நினைக்கிறாய்?" என்று கேட்க வேண்டும். தெரியாத சொல்லுக்கு உடனே பொருள் சொல்லாமல், முன்பின் வரிகளை வைத்து ஊகிக்க விடுங்கள். அதே சொல் பத்துப் பக்கம் தள்ளித் திரும்ப வரும்போது மனதில் ஒட்டிக்கொள்ளும். புத்தகம் கிடைக்காவிட்டால், மாரியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்த பத்திரிகைச் செய்தியே போதும்: எந்த ஊருக்கு எச்சரிக்கை, ஏன்?

என் தெரிவு, தரம் 4 முழுக்கக் கதை. வினாத்தாளைப் பரீட்சை கிட்டும்போது எடுக்கலாம். (ரியூசன்காரர் கோவிப்பார்கள்.)