சுரங்க நீரால் சூடேறிய வீடு: ஹேர்லன் நகரத்து அனுபவம்

நெதர்லாந்தின் தென்கோடியிலுள்ள ஹேர்லன் நகரில், கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கங்களில் நிறைந்துள்ள நீரின் வெப்பத்தைக் கொண்டு சூடாக்கப்படும் குடியிருப்பொன்றில் பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு, இப்போது யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் வசிக்கிறேன். அந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது தரைதான். வீட்டுக்குள் செருப்பணியாத நம்மவர்களுக்கு, தை மாதக் குளிரிலும் வெறுங்காலுக்கு இதமான தரை பெரிய வரம். பார்க்க வந்திருந்த அம்மா, "சூடு எங்கையிருந்து வருது தம்பி?" என்று சுவரோரமெல்லாம் தேடினார், சுவரோரச் சூடாக்கியான ரேடியேற்றர் இருந்தால்தானே!

அப்பகுதியின் நிலக்கரி அகழ்வு 1974 உடன் முடிந்தது. 2008 முதல், ஏறத்தாழ 700 மீற்றர் ஆழத்திலிருந்து சூடாக்க 28 பாகை நீரும், 250 மீற்றர் அளவிலிருந்து குளிர்விக்க 16 பாகை நீரும் எடுக்கப்பட்டன. சுரங்க நீர் வீட்டுக்குள் வருவதில்லை. அதில் இரும்பு கரைந்திருப்பதால், காற்றுப் பட்டால் செங்கறள் படிந்து குழாய்கள் அடைபடும். ஆகவே அது மூடிய குழாயிலேயே ஓடி, வெப்பமாற்றியில் வெப்பத்தை வேறு நீருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. அந்த வெப்பத்தை வெப்பப் பம்பி தேவையான அளவுக்கு உயர்த்த, சூடான அந்த வேறு நீர் தரைக்கடியில் பதித்த குழாய்களில் ஓடுகிறது.

குறைகளும் உண்டு. தரை மெதுவாகவே சூடேறும் என்பதால், இரவில் நிறுத்திக் காலையில் போடும் பழக்கம் இங்கு உதவாது. ஒரே அளவில் விட்டுவிட வேண்டும். கோடையில் அதே தரைக்குழாயில் குளிர்நீர் ஓடினாலும், அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் தரை வியர்க்கும் என்பதால் சில பாகைகளே குறையும். ஏசியின் குளிரை எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். நிலத்தடியிலிருந்து வரும் வெப்பத்துக்கும், எரிவாயு விலையோடு கட்டப்பட்ட உச்சக் கட்டணத்தைச் சட்டம் வகுத்திருந்தது என்பதுதான் எனக்குக் கடைசிவரை செரிக்கவில்லை.

காங்கேசன்துறையில் சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் அகழ்ந்த குழிகளில் இதைச் செய்யலாமா என்று இங்குள்ள நண்பர்கள் கேட்கிறார்கள். ஹேர்லனில் 700 மீற்றர் துளைத்துப் பெறும் 28 பாகை, நமக்குக் கிணற்றிலேயே கிடைக்கிறது. அந்த நீரால் அறையை நேரடியாகக் குளிர்விக்க முடியாது. ஏசி வெளியேற்றும் வெப்பத்தை வெயில்காலக் காற்றுக்குப் பதிலாக அந்நீரில் விட்டால் மின்சாரம் ஓரளவு மிச்சமாகும். ஆனால் இங்குள்ள நிலாவரைக் கிணற்றைப் போல மேலே நன்னீரும் கீழே உப்புநீருமாயுள்ள நிலத்தில், எடுத்த நீரை மீண்டும் நிலத்துக்குள் விடாத எந்தத் திட்டத்துக்கும் நான் சம்மதிக்கமாட்டேன்.